செம்மண்ணில் காசின் ஒலி

மெட்டல் டிடெக்டர் கொண்டு காசு தேடுவோரின் திறமை, கருவியோடு வந்த அமைப்பை அப்படியே நம்பிவிடாமல், தேடும் மண்ணுக்கும் அந்த மண்ணில் புழங்கிய காசுக்கும் ஏற்ப அதை மாற்றிக்கொள்வதில் அடங்கியிருக்கிறது என்பது சின்னசேலம் வட்டாரத்து உழவு நிலங்களில் தெளிவாக விளங்குகிறது. தரையை ஒட்டி வீசப்படும் வட்டச் சுருளின் மாறும் காந்தப்புலம், மண்ணுள் கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதன் எதிர்வினை எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பதை அளந்து, கருவி ஒரு குறியெண்ணையும் அதற்குரிய ஒலியையும் தருகிறது. செம்பும் வெள்ளியும் உயர்ந்த ஒலியை எழுப்ப, ஆணியும் மாட்டு லாடமும் தாழ்ந்த உறுமலாகக் கேட்கின்றன; வேண்டாத எண்களை ஊமையாக்கும் அமைப்பே டிஸ்கிரிமினேஷன், அதாவது பிரித்தொதுக்கல் எனப்படுகிறது.

கருவிகளில் உள்ள ஆயத்தக் 'காசு' நிலை பெரும்பாலும் வெளிநாட்டுக் காசுகளை எண்ணி அமைக்கப்பட்டது. அது இரும்பை அறவே ஒதுக்கிவிடும். இந்தியாவிலோ 1988-இல் 10 காசும் 1992-இல் ஒரு ரூபாயும் காந்தம் இழுக்கும் துருப்பிடிக்காத எஃகில் அச்சிடப்படத் தொடங்கின. ஆகவே அந்த நிலையில் தேடுபவருக்கு, 11.66 கிராம் எடையுள்ள பழைய வெள்ளி ரூபாய் கணீரென ஒலித்தாலும், அண்மைக் காலத்து ரூபாய் ஆணியோடு ஆணியாக மறைந்துபோகவோ நிலையில்லாத எண்களில் தடுமாறவோ கூடும். இதனினும் பெரிய இழப்பு பொன்னில் நேர்கிறது: அரை கிராமுக்கும் குறைவான பழைய 'பணம்' என்னும் சிறு பொற்காசின் எண், மாத்திரை அட்டைத் தகட்டின் எண்ணுக்கு அருகிலேயே விழுவதால், குப்பையை ஒதுக்குபவர் அறியாமலே பொன்னையும் ஒதுக்கிவிடுகிறார்.

செம்மண்ணில் கலந்துள்ள இரும்பு ஆக்சைடும் தானே ஒலியெழுப்பும். உலோகமற்ற இடத்தில் சுருளை மேலும் கீழுமாக அசைத்து மண்ணின் ஒலியை அடக்குவது முதல் வேலை. ஒதுக்கலைக் குறைத்து, இரும்புக்குத் தாழ்ந்த ஒலி ஒன்றை விட்டுவைப்பது அடுத்தது. தலைமுறை தலைமுறையாக ஏர்மாடுகள் உதிர்த்த லாட ஆணிகள் நிறைந்த நிலத்தில் ஆணிக்கருகே கிடக்கும் காசு மறைந்துவிடும் என்பதால், தேர்ந்தவர் ஒரே இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வீசி, உறுமலுக்கிடையே ஒரு கணம் எழும்பும் கூரிய ஒலிக்குக் காத்திருக்கிறார். எண்ணைப் பார்க்கும் கண்ணைவிட இங்குக் காதே பெரிது.

சங்க காலக் காசுகளில் பெரும்பகுதியை வெளிக்கொணர்ந்தவர்களுக்கு இக்கருவியே தேவைப்படவில்லை. கரூரில் அமராவதி மணலை அரித்துச் சலித்த அரிப்புக்காரர்கள் விரலாலும் கண்ணாலும் தேர்ந்த செப்புக்காசுகளே நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றோரின் ஆய்வுக்கு அடித்தளமாயின. சின்னசேலம் அடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூரை ஆண்ட மலையமான்களின் குதிரை பொறித்த காசுகளும் அவற்றைப் போன்ற சிறு செப்புக்காசுகளே. ஆற்றுமணலில் புரண்ட காசு தான் கிடந்த மண்ணடுக்கை ஏற்கெனவே இழந்திருக்கிறது. உழவு நிலத்துக்கு அடியில் கலையாமல் கிடக்கும் காசோ, எடுக்கப்படும் அந்த நொடியில்தான் அதை இழக்கிறது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம், மண்ணில் மறைந்து கிடந்த 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தக் கடிதத்தில் அது கேட்பவை, பொருளின் தன்மை, மதிப்பு, கிடைத்த இடம், கிடைத்த நாள்.