எந்த ஊருக்கும் போகாத கப்பல்!

அனகாபுத்தூர்க்காரர்களுக்கு நீர்வழிப் பயண அனுபவம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டி ஊருக்குள் வந்தபோது, எங்கள் பக்கத்தில் பல பேர் ரப்பர் படகில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். டிக்கெட் கிடையாது, வரி கிடையாது, பிஸ்கட் பாக்கெட் இலவசம். அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தன் கைக்காசு செலவழித்துத் தண்ணீரில் போகிறேன் என்று கிளம்பினால், தெருவில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். பார்த்தார்கள்.

2022 ஜூன் 4-ம் தேதி முதல்வர் ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து, கார்டீலியா கம்பெனியின் 'எம்பிரஸ்' சொகுசுக் கப்பலை வழியனுப்பி வைத்தார். அந்த மாதமே நானும் என் மாமனாரும் அதில் 2 ராத்திரி போய்விட்டு வந்தோம். மாமனாருடன் சொகுசுக் கப்பலா என்று நண்பர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். காரணம் இருக்கிறது.

மாமா நெசவாளி. வயது அப்போது 74. வாழைநாரில் சேலை நெய்து இப்போது பேப்பரில் வருகிற அனகாபுத்தூர், அந்தக் காலத்தில் வேறொரு சரக்குக்குப் பேர் போனது: 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்'. பேர்தான் கைக்குட்டை. 36 அங்குலச் சதுரம் சதுரமாகக் கட்டம் விழுந்து, 8 கஜம் நீளத்தில் வருகிற துணி. யானைதான் அதில் மூக்குச் சிந்த முடியும். இங்கே குழித்தறியில் நெய்து, ஜார்ஜ் டவுன் வியாபாரியிடம் கொடுத்து, அங்கிருந்து பேல் பேலாக ஹார்பருக்குப் போய், கப்பலேறி நைஜீரியாவில் இறங்கும். எழுபதுகளுக்குப் பிறகு நைஜீரியா இறக்குமதியை இறுக்கியதும் தறிகள் ஒவ்வொன்றாக மௌனமாயின.

மாமா சின்ன வயதில் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாரிமுனை வரை போவாராம். ஹார்பர் கேட்டுக்குள் மட்டும் விடமாட்டார்களாம். "துணி போயிடும் மாப்ளே. நான் வெளியில நின்னு கிரேனைப் பாத்துட்டு வந்துடுவேன்" என்று ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னார். என் மனைவி அதைக் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கப்பல் விளம்பரம் வந்த அன்று, தறிக்கொட்டகைக்குப் புது ஷீட் போட எடுத்து வைத்திருந்த பணத்தைக் கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். "ஷீட்டை தீபாவளிக்கு அப்புறம் பாத்துக்கலாம். அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க."

ஆக, பணம் கொட்டகையின் பணம். பைசா வீணாகக்கூடாது. பி.காம். படித்ததற்கு வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பிரயோஜனம் வந்தது.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரு தொகை இருக்கும். பக்கத்தில் கொசு சைஸில் ஒரு நட்சத்திரக் குறி. அந்தக் கொசுதான் கடிக்கும். துறைமுகக் கட்டணம், எரிபொருள் சர்சார்ஜ், சிப்பந்திகளுக்கான டிப்ஸ், ஜி.எஸ்.டி. எல்லாம் அதன் வயிற்றுக்குள் இருக்கின்றன. எந்தக் கம்பெனிக் கப்பலானாலும் விளம்பரத் தொகையை ஒன்றரையால் பெருக்கி, அது நம்மால் முடியுமா என்று பார்த்த பிறகுதான் போனை எடுக்க வேண்டும். இது என் சொந்த ஃபார்முலா, இதுவரை கைவிட்டதில்லை. இன்னொன்று, அந்தத் தொகை ஓர் அறையில் 2 பேர் தங்கினால் தலைக்கு இவ்வளவு என்பது. பிரம்மச்சாரிகள் தனியாகப் போனால் இல்லாத மனைவிக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட முழுக்காசு கட்ட வேண்டிவரும். நாலு நண்பர்கள் ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுத்தால் மூன்றாவது, நாலாவது ஆளுக்குப் பெரும்பாலும் குறைத்துத் தருவார்கள். குறட்டை விடுகிறவனைத் தவிர்த்துவிடுங்கள்.

அறையில் ஜன்னல் இல்லாதது, ஜன்னல் உள்ளது, பால்கனி உள்ளது என்று தரங்கள். 2 ராத்திரிக்கு ஜன்னல் இல்லாததே போதும். தூங்கத்தானே போகிறோம்? கடல் மேல்தளத்தில் இலவசம். ஆனால் தலைசுற்றுகிற ஆசாமிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேட்க வேண்டும். ஊஞ்சலின் பலகை ஆடுகிற அளவுக்கு அதன் கொக்கி ஆடுமா? முன்முனையும் பின்முனையும் உச்சித்தளமும்தான் அதிகம் ஆடும். சென்னையிலிருந்து கப்பல் கிளம்புவது பெரும்பாலும் ஜூன், ஜூலை மாதங்களில். தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக் கடல் கொந்தளிக்கும்போதுதான் மும்பைக் கப்பலுக்கு வங்கக் கடல் ஞாபகம் வருகிறது. நம் கடலும் அப்போது பரமசாது ஒன்றுமில்லை. டாக்டரைக் கேட்டு வாந்தி மாத்திரை வாங்கிக்கொண்டேன். மாமா ஒரு எலுமிச்சம்பழத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். என் மாத்திரையைவிட அவருடைய எலுமிச்சம்பழம் நன்றாக வேலை செய்தது.

டிக்கெட் எடுத்த பிறகு வீட்டில் நடந்த விசாரணை:

"எந்த ஊருக்குப் போறோம் மாப்ளே?"

"எந்த ஊருக்கும் இல்லை மாமா. நடுக்கடல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி ஹார்பருக்கே வந்துடும்."

"ஏறின இடத்துலயே இறங்கறதுக்கா இவ்ளோ காசு?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. ஆனால் ஊர் போட்டிருக்கிற டிக்கெட்டிலும் ஊர் நிச்சயமில்லை. அதே ஜூன் மாதம் புதுச்சேரியும் இந்தக் கப்பலின் பாதையில் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பி, இறங்க அனுமதி கிடைக்கவில்லை. புதுச்சேரிக்குக் கப்பல் வந்து சேர 2025 ஜூலை வரை ஆயிற்று. அப்போதும் கப்பல் கடலில் நங்கூரம் போட்டு நிற்க, பயணிகள் சின்னப் படகுகளில்தான் கரைக்கு வந்தார்கள். ஒரு குறிப்பிட்ட ஊரைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு ரயில் இருக்கிறது.

கிளம்புகிற நாள் வந்தது. பல்லாவரம் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பீச் ஸ்டேஷனுக்கு 10 ரூபாய் டிக்கெட். சொகுசுக் கப்பலுக்கு மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போனவர்கள் அன்று நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம். உள்நாட்டுப் பயணம் என்பதால் பாஸ்போர்ட் வேண்டாம், ஆதார் போதும். பெரிய பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது அறைக்கு வந்து சேர நேரமாகும். மாத்திரை, மாற்று உடை, சார்ஜர் மூன்றையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்பர் கேட்டில் செக்யூரிட்டி ஆள் மாமாவின் ஆதாரைப் பார்த்துவிட்டு, "போங்கய்யா" என்றார். மாமா போகவில்லை. திரும்பவும் அட்டையை நீட்டினார். "பாத்துட்டேன், உள்ள போங்க" என்றார் அவர். மாமா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே நடந்தார். அடுத்த கால் மணி நேரம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கப்பலைப் பற்றிக் கொஞ்சம். 1990-ல் பிரான்ஸில் கட்டியது. மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு 3 ராத்திரி, 4 ராத்திரி ட்ரிப் அடிப்பதற்கென்றே ராயல் கரீபியன் கம்பெனி கட்டிய 'நார்டிக் எம்பிரஸ்' இதுதான். நீளம் 211 மீட்டர். நம் 12 பெட்டி மின்சார ரயிலைவிடக் கொஞ்சம்தான் குட்டை. உள்ளே நீச்சல் குளம், தியேட்டர், காசினோ எல்லாம் உண்டு. ஒரு அட்டை கொடுப்பார்கள். அறைக்குச் சாவியும் அதுதான், செலவுக்குப் பர்ஸும் அதுதான். சாப்பாடு டிக்கெட்டில் சேர்த்தி. குளிர்பானம், மதுபானம், இன்டர்நெட் எல்லாம் அட்டையில் ஏறும். கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னலும் மறைந்துவிடும். ஆபீஸில் மேனேஜர் இருக்கிற வாசகர்கள் இதையும் சலுகைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

மாமா அறைக்குள் நுழைந்ததும் செய்த முதல் காரியம், படுக்கை விரிப்பின் ஓரத்தைத் திருப்பி, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தது. "பவர்லூம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

சலுகை என்றதும் ஞாபகம் வருகிறது. கப்பல் கம்பெனிகளில் 'வந்த ஆளே திரும்பி வந்தால்' மரியாதை செய்கிற கிளப்புகள் உண்டு. இந்தக் கப்பலின் பழைய முதலாளியான ராயல் கரீபியனின் கிளப்பில் ஒரு ராத்திரிக்கு ஒரு புள்ளி. 80 புள்ளி சேர்ந்தால் 'டயமண்ட்'. தினம் 4 பானம் இலவசம். 700 புள்ளி சேர்ந்தால் உச்சாணிக்கொம்பு. 7 ராத்திரிப் பயணமே இலவசம். நம்மைப் போல வருஷத்துக்கு 2 ராத்திரி போனால் 700 புள்ளிக்கு 350 வருஷம் ஆகும். அறையைத் தனியாக எடுத்தால் இரட்டைப் புள்ளி. மனைவியை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் 175 வருஷத்தில் முடித்துவிடலாம்! சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு வருஷா வருஷம் பினாங்கு, புக்கெட் என்று கப்பலேறுகிறவர்களுக்குப் புள்ளி பிரயோஜனப்படும். நமக்குத் தேதியும் விலையும்தான் முக்கியம். சிங்கப்பூர் போய் அங்கே கப்பலேறுகிறவர்கள் ஒன்றை மறக்காதீர்கள்: கப்பல் மலேசியா போய்த் திரும்பி வந்தால் மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள். பலமுறை நுழைகிற விசா இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட ஆபத்தான கிளப் ஒன்று உண்டு. பெட்ரோல் பங்க்கில் கூப்பன் எழுதிப் போட்ட நண்பர் ஒருவருக்கு போன் வந்தது. "சார், உங்களுக்குக் கப்பல் பயணம் பரிசு விழுந்திருக்கு. மனைவியோட வந்து வாங்கிக்கணும்." ஒரு ஹோட்டல் ஹாலில் 3 மணி நேரம் ஜூஸ் கொடுத்து, படம் காட்டி, கடைசியில் லட்சக்கணக்கில் மெம்பர்ஷிப்பைத் தலையில் கட்டினார்கள். பரிசுக் கூப்பனுக்கு, அவர் கேட்கிற எந்தத் தேதியிலும் இடம் இல்லை. இன்னமும் இ.எம்.ஐ. கட்டுகிறார். மனைவியோடு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிற எந்தப் பரிசையும் மனைவியோடு கலந்து ஆலோசித்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கரையிறங்கிச் சுற்றுவது இன்னொரு கலை. 2023 ஜூனிலிருந்து இதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போயிற்று: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. போய் வந்த என் நண்பர் சொன்ன ஒரே உபதேசம்: ஆசைப்படாதே. கிடைப்பது சில மணி நேரம். காங்கேசன்துறையில் இறங்கினால் கீரிமலைக் கேணி பக்கத்தில், நல்லூர் கோயிலும் யாழ்ப்பாணம் நூலகமும் 20 கிலோமீட்டருக்குள். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். விசாகப்பட்டினத்தில் கடற்கரையிலேயே குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் மியூசியம் இருக்கிறது, கைலாசகிரி இருக்கிறது. 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற அரக்கு பள்ளத்தாக்குக்குக் கிளம்பினீர்களானால் கப்பல் உங்களுக்கு டாட்டா காட்டிவிடும். கப்பல்காரர்களே ஏற்பாடு செய்கிற டூரில் விலை கூடுதல்தான். ஆனால் அந்த பஸ் லேட்டானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். நீங்கள் பிடித்த ஆட்டோ பஞ்சரானால் காத்திருக்காது.

எங்கள் கப்பல் புறப்பட்டதும் மாமா மேல்தளத்துக் கம்பியைப் பிடித்தவர் பிடித்தவர்தான். தண்ணீரிலிருந்து பார்த்தால் சென்னை வேறு ஊர். ஹைகோர்ட்டின் சிவப்பு கோபுரம் தெரிந்தது. 1977 வரைக்கும் கலங்கரை விளக்கம் அதன் உச்சியில்தான் இருந்தது. "அதோ அங்கதான் நிப்பேன்" என்று பாரிமுனைப் பக்கம் கை காட்டினார். பின்னால் டி.ஜே. சத்தத்தில் ஐ.டி. பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் அங்கேயே போய் நின்றோம். சுற்றிலும் இருட்டு, காற்று, கீழே நுரை மட்டும் வெள்ளையாக.

"ஆப்பிரிக்கா எங்க மாப்ளே இருக்கு?"

"அது மேற்கே மாமா. நாம கிழக்கே பாத்து நிக்கறோம்."

"அப்போ இவ்ளோ நேரம் எதிர்ப்பக்கம் பாத்துக்கிட்டா நிக்கறேன்?" என்றவர், கப்பலின் அகலத்தைக் கடந்து அந்தப் பக்கக் கம்பிக்கு நடந்தார். நானும் கூடவே போனேன். கேரளா குறுக்கே இருக்கிறது என்பதையெல்லாம் சொல்லவில்லை.

நான் படித்து வைத்திருந்ததைச் சொன்னேன். நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் கலபாரி என்று ஒரு இனம். நம் துணிக்கு அவர்கள் வைத்த பேர் 'இஞ்சிரி'. விசேஷத்துக்கும் அதுதான், துக்கத்துக்கும் அதுதான். அதோடு விடமாட்டார்கள், பெண்கள் உட்கார்ந்து, துணியில் இடையிடையே நூலை வெட்டி உருவி, புது டிசைன் கொண்டுவருவார்கள். அதற்கு மதிப்பு இன்னும் அதிகம்.

மாமாவுக்கு வந்ததே கோபம். "நூலை உருவறானா? இழை இழையா எண்ணி நெய்ஞ்சு அனுப்பினா, அவன் உருவிப் போடறானா?"

"அழகுக்காக மாமா."

கொஞ்ச நேரம் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நூலை உருவியும் துணி பிரியாம நிக்குதுன்னா, நெசவு நெருக்கமா இருந்திருக்கு" என்றார். எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்துவிட்டு அறைக்குத் தூங்கப் போனார்.

கடைசி ராத்திரி செய்ய வேண்டியது: பெட்டியை வெளியே வைக்கச் சொல்வார்கள், மறுநாள் போட வேண்டிய சட்டையையும் அதில் வைத்துவிடாதீர்கள். அட்டைக் கணக்கை அன்றே கேட்டு வாங்கிப் பாருங்கள். காலையில் கவுன்டரில் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரிக் கூட்டம் இருக்கும்.

கொட்டகைக்கு ஷீட் அடுத்த வருஷம்தான் போட்டோம். இப்போது மாமாவுக்குப் புது யோசனை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய பயணிகள் கப்பலைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொகுசெல்லாம் கிடையாது, சில மணி நேரத்தில் அக்கரை. "அது ஏதோ ஒரு ஊருக்குப் போகுதில்ல?" என்கிறார். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். அவருடைய பிறந்த தேதி ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, நெசவாளர் அட்டையில் ஒன்று. எதை எதற்கேற்ப மாற்றுவது என்று கேட்க, திங்கட்கிழமை தாம்பரம் போகிறேன்.