துரையும் அத்தியட்சகரும்

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்லும் பாதையில் தோட்டத்துக்குத் தோட்டம் கிளைவழி பிரிகின்ற இடங்களில் நெடுங்காலமாகப் பலகைகளில் நின்று வந்த 'சூப்பரின்டென்டன்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லை, லயங்களில் பிறந்து வளர்ந்த எங்கள் பெரியவர்களில் எவரும் நாவால் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு அந்த மனிதர் பெரிய துரை. அவருக்கு அடுத்தவர் சின்னத் துரை. ஆயினும் கூரைத் தகரம் கேட்டு எழுதினாலும், பேர்ப்பதிவு கேட்டு எழுதினாலும், மனுவின் தலைப்பில் அந்த ஆங்கிலச் சொல்லையே எழுதி, அதன் கீழே துரைக்கு எழுதுகின்ற பாவனையில் இரந்து எழுதுவதே எங்கள் வழக்கமாயிருந்தது. துரை என்றால் அதிபதி. சூப்பரின்டென்டன்ட் என்பதற்கும் அதுதான் தாத்பரியமா என்று பிள்ளைகளுக்கு மனு எழுதப் பழக்குகின்ற காலத்தில் எழுந்த ஐயமே என்னை இந்த விசாரணையில் இறக்கியது.

இலத்தீனில் 'சூப்பர்' என்பது மேல். 'இன்டென்டெரே' என்பது கருத்தை ஒன்றன்மீது செலுத்துதல். பழைய கிறிஸ்தவ சபையில் ஆட்களையும் பொருள்களையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளரைக் கிரேக்கர் 'எபிஸ்கொபொஸ்', அதாவது மேலிருந்து பார்ப்பவர் என்றழைக்க, அதனை இலத்தீனில் பெயர்த்தவர்கள் கையாண்ட சொற்களுள் ஒன்றே பிற்காலத்தில் சூப்பரின்டென்டன்ட் ஆயிற்று. லூத்தரன் சபையிலும் மெதடிஸ்த சபையிலும் அது இன்றளவும் குருமார் வகிக்கும் ஒரு ஸ்தானத்தின் பெயராகவே நிலவுகிறது. தேயிலைக்கும் தேவாலயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வியந்தவாறே தமிழ் வேதாகமத்தைப் புரட்டினேன். அந்தக் கிரேக்கப் பதத்துக்கு அங்கே நின்ற தமிழ்ச்சொல்லைக் கண்டு சிறிது நேரம் அப்படியே அமர்ந்துவிட்டேன். அச்சொல் கண்காணி.

கண்காணி என்பது தமிழுக்குப் புதிதன்று. சோழர் காலத்துக் கோயிற் சாசனங்களில் நிவந்தங்கள் ஒழுங்காக நடைபெறுகின்றனவா என்று பார்ப்பவர் 'மாகேசுவரக் கண்காணி' எனப்படுகிறார்; எல்லாவற்றையும் பார்த்திருக்கும் இறைவனையே திருமூலர் கண்காணி என்றார். அத்தகைய சொல் கடல் கடந்து மலைநாட்டுக்கு வந்தபோது, ஆட்களைச் சேர்த்துக் கடன் கொடுத்து அழைத்துவந்து, அவர்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு வாங்கிய பெரியாங்கங்காணியின் பெயராக மாறியது. ஆக, பங்களாவில் இருந்தவரும், அவர் முன்னே தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நின்றவரும், பதப்பொருளால் ஒரே உத்தியோகஸ்தர்கள். இலங்கையின் அரசாங்கத் தமிழில் சூப்பரின்டென்டன்டுக்கு வழங்குகின்ற 'அத்தியட்சகர்' என்ற வடசொல்லும் வேறு பொருள் சொல்லவில்லை. மேலிருந்து கண்ணால் காண்பவன் என்பதே அதன் கருத்து. அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் அதிகரணம் இந்த அத்தியட்சர்களைப் பற்றியதே. அவர்களுள் அரசனது விளைநிலங்களைப் பார்க்கும் சீதாத்தியட்சன் ஒருவன் இருக்கிறான். அவனைப் போன்ற உத்தியோகஸ்தர்கள் அரசன் பொருளை அபகரிக்கக்கூடிய நாற்பது உபாயங்களையும் கௌடில்யர் வகுத்துக் காட்டுகிறார். பார்ப்பவனையும் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற நினைப்பு அந்த ஸ்தானத்தோடு கூடவே பிறந்தது.

இவ்வளவையும் திரட்டிக்கொண்டு, தோட்ட ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரைக் காணச் சென்றேன். நான் சொன்னவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்ட அவர், மேசையின் அடித்தட்டிலிருந்து மங்கிய கார்பன் பிரதிகளின் கட்டொன்றை எடுத்துப் பிரித்தார். கொழும்பிலுள்ள ஏஜென்சிக் கம்பனிக்குத் துரை எழுதிய கடிதங்கள் அவை. உரத்துக்கு இவ்வளவு, கொழுந்து மடுவத்தின் கூரைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு செலவுக்கும் அனுமதி வேண்டி, பணிவான வாசகத்தோடு எழுதப்பட்டிருந்தன.

"ஐயா, பெரட்டுக் களத்துல துரை போட்ட சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் கேக்கும். வி.ஏ. வர்ற அன்னைக்கு மட்டும் விடியக் கருக்கல்ல இருந்து பங்களாவுல யாருக்கும் நிம்மதி இருக்காது" என்றார் அவர். வி.ஏ. என்பவர் விசிட்டிங் ஏஜென்ட். தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, மரத்தின் நிலையிலிருந்து கணக்கின் நிலை வரையில் கம்பனிக்கு அறிக்கை எழுதுபவர்.

அங்ஙனமாயின், பிறருக்குக் கணக்கு ஒப்பிக்கவேண்டிய ஒரு சேவகர் எங்ஙனம் எங்கள் முன்னோர்க்கு அதிபதியானார்? சட்டமே அவரை அவ்வாறு நிறுத்தியது என்பது என் துணிபு. 1865ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்படி, அறிவித்தல் கொடாமல் வேலையை விட்டு நீங்குவது சிறைக்குரிய குற்றமாயிருந்தது. கங்காணியின் கடனைத் தீர்த்தால் இன்னின்ன ஆட்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை கையொப்பமிட்டுக் கொடுத்த துண்டு, 1921இல் ஒழிக்கப்படும்வரை, ஒரு குடும்பம் மலை மாறுவதை நிர்ணயித்தது. லயத்தில் பிறந்த குழந்தையின் தகவல் பதிவாளருக்குப் போவதும் அவர் வாயிலாகவே. தோட்ட எல்லைக்குள் வெளியார் புகுவது அத்துமீறல் ஆகையால், தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் போன்ற ஒருவரே புடைவை வியாபாரியாக வேடம் பூண்டுதான் தொழிலாளரிடம் செல்ல நேர்ந்தது. மொழியும் இதற்குத் துணைபோயிற்று. புதிதாக வந்த சின்னத் துரைமார் தமிழ் கற்பதற்கென்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பில் அச்சான கைந்நூலின் பெயர் 'இங்கே வா'. ஏவலில் தொடங்கிய அந்தத் தமிழைப் பேசிப்பேசி, அவர்கள் தம்மையே பெரிய துரை, சின்னத் துரை என்று எண்ணப் பழகி, அத்தமிழ்ப் பெயர்களின் முதலெழுத்துக்களை ஆங்கிலத்தில் சுருக்கி 'பி.டி.', 'எஸ்.டி.' என்று தமக்குள் வழங்கலாயினர்.

1975இல் வெளிநாட்டுக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசாங்கத்துக்கு வந்தன. 1992இல் நிலம் அரசாங்கத்தினதாகவே இருக்க, நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்குச் சென்றது. உடைமைக்காரர் இத்தனை முறை மாறியும் பங்களாவில் இருந்தவரின் ஸ்தானம் மாறவில்லை. ஏனெனில் அவர் ஒருபோதும் உடைமைக்காரராய் இருந்ததில்லை. பல தோட்டங்களில் இப்போது முகாமையாளர் என்ற பெயர் வந்துவிட்டது. ஆயினும் அவர் ஜீப் திரும்பும்போது பாதையோரத்தில் ஒதுங்கி நிற்பவர்கள் சொல்வது துரை என்றுதான்.

துரைக்கு எழுதுகின்ற கடிதத்தில் தயவையன்றி வேறொன்றைக் கேட்க இடமில்லை. அத்தியட்சகருக்கு எழுதும்போதோ, அவர் பார்வையில் ஒப்படைக்கப்பட்டிருப்பது எது, அதில் எது பழுதுபட்டிருக்கிறது, எந்தத் தேதிமுதல் என்று எழுதலாம்; அவர் பார்க்கத் தவறினால் யாரிடம் முறையிடுவது என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மேற்கணக்கு லயத்துப் பீலித் தண்ணீர் குறித்து என் மாணவி ஒருத்தி அண்மையில் எழுதிய மனுவில் 'தங்கள் பொன்னான பாதங்களை' என்று தொடங்கியிருந்த முதல் வரியை அடித்துவிட்டு, குழாய் உடைந்த தேதியையும் அதனால் அவதிப்படும் வீடுகளின் இலக்கங்களையும் எழுதச் சொன்னேன். எழுதி முடித்துக் காட்டியவள், "சேர், பிரதி யாருக்குன்னு போடணும்?" என்று கேட்டாள். கம்பனியின் கொழும்பு விலாசத்தையும், அதற்குக் கீழே பிரதேச சபையின் விலாசத்தையும் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தேன்.