தொலைவும் நேரமும்

ஓர் ஊர் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று வினவினால், முற்காலத்தார் காதக் கணக்கில் விடை கூறினர். இக்காலத்தார் மணிக் கணக்கில் கூறுகின்றனர். "சிங்கப்பூரா? நான்கு மணி நேரந்தான்" என்பது இன்றைய வழக்கு. இவ்விடை பொய்யன்று, ஆயினும் முழு மெய்யும் அன்று.

கோவில்பட்டிக்கு மேற்கே, கரிசல் நிலத்தின் நடுவே உள்ளது இளையரசனேந்தல். அவ்வூரில் ஒரு தாய் நோயுற்றாள் என்றும், அவள் மகன் சிங்கப்பூரில் தொழில் செய்கிறான் என்றும் கொள்க. செய்தி கேட்ட மகன் எவ்வளவு நேரத்தில் அவள் அருகே வந்து நிற்பான்?

கப்பற் காலத்தில் இவ்வினாவிற்கு விடை எளிது. 1926-இல் கட்டப்பெற்ற 'ரஜூலா'வும், அதன்பின் 1984-இல் தீவிபத்திற்கு உள்ளாகும் வரை 'சிதம்பரம்' என்னும் கப்பலும் தமிழ்நாட்டுத் துறைமுகங்களுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடின. பயணம் ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். ஆகவே, மைந்தர் பலர்க்குத் தாயின் மறைவுச் செய்திதான் கிட்டியது. அவள் முகத்தைக் காணும் பேறு கிட்டவில்லை.

விமானம் இந்நிலையை மாற்றியது. பூமி உருண்டையாதலால், அதன் மேற்பரப்பில் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழியும் வளைந்ததே. அவ்வழியே அளந்தால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடைத்தொலைவு ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் விரைவில் செல்வதாகக் கொண்டு வகுத்தால், மூன்றரை மணிக்கும் சற்றுக் குறைவாகவே வரும். ஆனால் ஓடுபாதைக்குச் செல்லுதல், மேலேறுதல், கீழிறங்குதல் ஆகியவற்றிற்கும் நேரம் வேண்டும். எதிர்க்காற்று வீசினால் நேரம் மேலும் கூடும். எனவே பயணம் நான்கு மணிக்கு மேலாகிறது.

கடிகாரமோ வேறொரு கணக்குக் காட்டும். சிங்கப்பூரில் காலை 9 மணிக்குப் புறப்பட்டு நாலேகால் மணி நேரம் பறந்தவன், சென்னையில் இறங்கும்போது அங்கே மணி 10.45 தான்! சிங்கப்பூரின் நேரம் இந்திய நேரத்திற்கு இரண்டரை மணி முந்தியது என்பதே இதன் காரணம். கதிரவனின் கணக்குப்படி இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை மணி வேறுபாடுதான் உண்டு. எஞ்சியது மனிதர் வகுத்துக்கொண்டது. திரும்பிச் செல்லும்போது, ஈட்டியதாகத் தோன்றிய அந்த இரண்டரை மணியையும் கடிகாரம் பறித்துக்கொள்ளும்.

இனி நிலவழியைக் காண்போம். சென்னையிலிருந்து கோவில்பட்டி ஏறக்குறைய 600 கிலோமீட்டர். இரவு வண்டியில் ஏறினால் மறுநாட் காலையில்தான் அங்கே இறங்கலாம், அதன்பின் பேருந்து. கடல் கடந்த 2,900 கிலோமீட்டருக்கு நான்கு மணிச் சொச்சம். சொந்த நாட்டின் 600 கிலோமீட்டருக்கு ஓர் இரவு! விமானம் புறப்படுமுன் நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தையும் இதனோடு கூட்டவேண்டும்.

வீட்டு வாயில் முதல் வீட்டு வாயில் வரை கணக்கிடுபவன் வேறு வழி காண்பான். சிங்கப்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கும் விமானம் உண்டு. அங்கிருந்து கோவில்பட்டிக்கு உள்ள தொலைவு சென்னை வழியில் பாதிக்கும் குறைவே. காலையில் அங்கு இறங்கியவன் அன்று மாலைக்குள் இளையரசனேந்தலை அடையலாம்.

இவ்வாறு மிஞ்சுவது ஓர் இரவுதானே என்று எண்ணற்க. நோயுற்ற தாய்க்கு அவ்வோர் இரவே நெடிது. ஆதலின், வானில் பறக்கும் மணியை மட்டும் எண்ணாது, சென்று சேரும் மணியை எண்ணுபவனே தொலைவை அறிந்தவன் ஆவான்.