எல்லைக்கோடும் இரு அச்சங்களும்

பாடசாலைச் சேர்க்கை எல்லை நகரும்போது பெற்றோர் அனைவரும் ஒன்றையே அஞ்சுவதில்லை. நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் 2015இல் அத்தகைய மாற்றமொன்று முன்மொழியப்பட்டது. 8ஆம் இலக்க ஆரம்பப் பாடசாலையில் வெள்ளையினப் பிள்ளைகள் பெரும்பான்மையினர், அங்கே இடநெருக்கடி. 307ஆம் இலக்கப் பாடசாலையில் இடமிருந்தது. அங்கே பயின்றோருட் பலர் அரச தொடர்மாடிகளில் வாழ்ந்த கறுப்பினப் பிள்ளைகள். முதற்பாடசாலை எல்லையிலிருந்த பெற்றோர் சிலர், பரீட்சைப் பெறுபேறு குறைந்த இடத்துக்குத் தம் பிள்ளைகள் தள்ளப்படுவரோ எனக் கலங்கினர். மற்றையோரின் அச்சம் வேறு: தாம் பேணிய பாடசாலையிலேயே தம் பிள்ளைகள் அந்நியராவரோ என்பது. 2016 சனவரியில் மாவட்டக் கல்விச் சபை மாற்றத்தை ஏற்றது. எல்லையை நகர்த்த ஒரு வாக்கெடுப்புப் போதும். ஒரே வாங்கில் அமரும் இரு பிள்ளைகளின் பெற்றோருக்கும் அங்கே சமமான குரல் கிடைத்தாலன்றி, அவர்கள் இணைந்தனர் எனல் பொருந்தாது.