கடலிடம் மிச்சம் பிடித்த 9,120 ரூபாய்

ஊத்தங்கரைக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சார் சம்பந்தம்? ஒன்றும் கிடையாது. எங்களுக்கு இருப்பது பாம்பாறு அணை. பாம்பனுக்கும் அதற்கும் எழுத்தில்தான் ஒற்றுமை. நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்ததே காலேஜ் டூரில்தான். வாயில் ஒரு அலை புகுந்து, 'அடேயப்பா, உப்பு!' என்று துப்பியதோடு அந்த உறவு முடிந்தது.

அப்படிப்பட்ட நான் ஒரு தடவை கடலையே ஏமாற்றப் பார்த்தேன். கடல் ஏமாறவில்லை. வேறொருவர் மாட்டிக்கொண்டார்.

பி.காம். முடித்துவிட்டு ஓசூரில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறையில் கணக்கு எழுதப் போனேன். ஆறே மாசத்தில் முதலாளி கூப்பிட்டு, "பர்ச்சேஸையும் நீயே பாத்துக்கப்பா" என்றார். பதவி ஏறியது. சம்பளம்? அது ஏன் ஏறப்போகிறது!

2014-ல் ஒரு ஆர்டர் வந்தது. எங்கோ ஒரு கடலோர ஊரில் படகுத் துறைக்குக் கைப்பிடி ரெயிலிங். முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எங்கள் போர்மேன் அண்ணன் சிங்காரப்பேட்டைக்காரர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். இரும்பை மட்டும் எம்.ஏ. வரை படித்திருந்தார். சாமான் லிஸ்ட்டில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'பைப் 316. பிளேட் 316. போல்ட்டும் 316.' அந்த 'ம்'முக்குக் கீழே ஒரு கோடு வேறு.

316 என்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு ரகம். சாதாரணமாகப் புழங்கும் 304-ல் குரோமியமும் நிக்கலும் இருக்கும். 316-ல் கூடவே இரண்டிலிருந்து மூன்று சதவிகிதம் மாலிப்டினம் சேர்ப்பார்கள். உப்புக் காற்று ஊசி குத்தினாற்போல் பொத்தல் போடுவதை அது தாக்குப் பிடிக்கும். விலையும் அதற்குத் தக்கபடி!

நான் கால்குலேட்டரை எடுத்தேன். பைப்பிலும் பிளேட்டிலும் கைவைக்க முடியாது, பார்ட்டி செக் பண்ணுவான். போல்ட்டை யார் பார்க்கப்போகிறார்கள்? 316 போல்ட் 52 ரூபாய். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. போல்ட் 14 ரூபாய். வித்தியாசம் 38. மொத்தம் 240 போல்ட். ஆக மிச்சம் 9,120 ரூபாய்! அந்த 'ம்'மை அடித்தேன்.

அண்ணன் வந்தார். "தம்பி, ரெண்டு தினுசு இரும்ப உப்புத் தண்ணியில ஒண்ணா கட்டி வெக்காத. ஒண்ணு இன்னொண்ணத் தின்னுடும்."

"துத்தநாகம் பூசியிருக்குண்ணா. துரு புடிக்காது."

"அது தனியா இருந்தா சரி. கூட யார் இருக்காங்கன்னு பாக்கணும் தம்பி."

எனக்குச் சிரிப்பு வந்தது. இரும்பு இரும்பைத் தின்னுமாம்! 'லோயஸ்ட் கொட்டேஷன்' என்பதைத் தவிர வேறு வேதம் தெரியாத வயசு.

இரண்டு மழைக்காலம்கூட முழுசாகப் போகவில்லை. அந்த ஊரிலிருந்து போன். ஒரு மீனவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ரெயிலிங்கில் சாய்ந்திருக்கிறார். ரெயிலிங் அவரோடு சேர்ந்து கடலில் இறங்கிவிட்டது! நீச்சல் தெரிந்தவர், முழங்கை எலும்பு முறிவோடு பிழைத்தார். அதே இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால்? இன்றைக்கும் நான் அந்த வாக்கியத்தை முடிப்பதில்லை.

திரும்பி வந்த பைப்பைப் பார்த்தேன். முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளப்பு. போல்ட் இருந்த ஓட்டைகளில் மட்டும் செங்காவிப் பொடி.

காரணத்தைப் பிற்பாடுதான் தேடிப் படித்தேன். பழைய டார்ச் லைட் செல் ஞாபகம் இருக்கிறதா? அதன் வெளிக்கூடு துத்தநாகம். உள்ளே கார்பன் குச்சி, நடுவே உப்புப் பசை. கரன்ட் கொடுத்துக் கொடுத்துக் கூடு கரைந்து, கடைசியில் பிசுபிசுவென்று ஒழுகும். கடலோரத்தில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தாலும் அதே கதைதான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அது மேலே பட்டதும் ஒரு செல் உண்டாகிவிடும். இரண்டில் எந்த உலோகம் இளைத்ததோ அது கரையும், மற்றது ஜம்மென்று இருக்கும். அதிலும் இளைத்தது சிறிசாகவும் பக்கத்தில் இருப்பது பெரிசாகவும் அமைந்தால் தீர்ந்தது. மொத்தப் பாரமும் அந்தச் சின்னதின் தலையில்! பெரிய ஸ்டெயின்லெஸ் பிளேட்டில் சின்ன ஜி.ஐ. போல்ட். முதலில் துத்தநாகம் போனது, பிறகு இரும்பு.

மொத்த ரெயிலிங்கையும் மட்டமான இரும்பில் செய்து பெயிண்ட் அடித்திருந்தால்கூட அந்தப் போல்ட் இன்னும் கொஞ்ச நாள் உழைத்திருக்கும். உசத்தியான சாமானுக்குப் பக்கத்தில் வைத்ததுதான் அதற்கு எமனாகிவிட்டது.

இதில் நான் முதல் ஆள் இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற கப்பலின் மரத்தடியில் செப்புத் தகடு போர்த்தியது. மரத்தைத் துளைக்கும் புழுவுக்குப் பயந்து! அடித்தது இரும்பு ஆணி. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் ஆணிகள் அரித்துப் போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் பத்திரம். என்ன மாயம்? தகடு சுற்றி வந்த பிரவுன் பேப்பர் அந்த இடங்களில் கிழியாமல் ஒட்டிக்கொண்டிருந்து, செம்பும் இரும்பும் தொடாமல் காத்திருக்கிறது! சிங்காரப்பேட்டை அண்ணன் சொன்னதை அந்தப் பேப்பரும் சொல்லியிருக்கிறது.

சரி, பட்டறைக்கு வருவோம். முதலாளி ஆபீஸ் ரூமில் தாம் தூமென்று குதித்தார். "போர்மேன்னு எதுக்குய்யா இருக்கே? போல்ட்டப் பாக்க மாட்டியா?" அண்ணன் தலையைக் குனிந்து நின்றார். நான் பக்கத்திலேயே நின்றேன், கையில் ஃபைலோடு. அந்த ஃபைலுக்குள்தான் பென்சிலில் எழுதிய லிஸ்ட் இருந்தது, நான் பேனாவால் அடித்த அடித்தலோடு. திறந்து காட்ட ஒரு நிமிஷம் போதும். நான் திறக்கவில்லை. அண்ணன் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அடுத்த மாசம் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார். பதினைந்து வருஷ சர்வீஸ். செட்டில்மென்ட் வவுச்சர் எழுதியவன் நான்தான்.

2024 ஆகஸ்ட் 26-ம் தேதி மகாராஷ்டிராவில் மால்வன் கடற்கரைக் கோட்டையில் 35 அடி சிவாஜி சிலை விழுந்தது. திறந்து ஒன்பது மாசம்கூட ஆகாத சிலை. நட்டும் போல்ட்டும் துருப்பிடிக்கிறது என்று சில நாள் முன்பே ஒரு பொதுப்பணித்துறை என்ஜினீயர் கடிதம் எழுதியிருந்தாராம். பேப்பரில் 'போல்ட்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் காபி இறங்கவில்லை. அன்றைக்கே அண்ணனைத் தேடிப் புறப்பட்டேன்.

ஊத்தங்கரையிலேயே கிரில் கேட் பட்டறை வைத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, "தெரியும் தம்பி, நீ எழுதின பேனா மை நீலம்" என்றார். அவ்வளவுதான். டீ சொன்னார். காசையும் அவரே கொடுத்தார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறந்தார்கள் இல்லையா? அதற்கப்புறம் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போனேன். வழியில் மண்டபம். காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் அங்கே கடற்காற்றில் உலோகத் துண்டுகளை வைத்து, எது எத்தனை நாள் தாங்குகிறது என்று சோதிக்கிறார்கள். 1953-ல் தொடங்கிய நிலையம் அது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து உண்டானது. நான் ஒரு போல்ட்டில் செய்த சோதனையை அவர்கள் முறைப்படி செய்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்!

ரயில் பாலத்தில் ஏறியது. பக்கத்தில் 1914-ல் திறந்த பழைய பாலம். 1964 புயலில் உடைந்து, 46 நாளில் ஸ்ரீதரன் குழுவினர் எழுப்பிக் கொடுத்த பாலம். பெயிண்ட் அடித்தும் தகடு மாற்றியும் அதைக் காப்பாற்றி வந்தார்கள். 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதியதில் கான்கிரீட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் கம்பி, மேலே பாலிசிலாக்ஸேன் பெயிண்ட், இணைப்புகளெல்லாம் வெல்டிங். எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். நான் மூட்டுகளைப் பார்த்தேன்.

"சாமி கும்பிட வந்தீங்களா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தீங்களா?" என்றாள் மனைவி.

பாலம் தாண்டியதும் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"போல்ட்டு என்ன ரகம் போட்டிருக்காங்க, பாத்தியா தம்பி?"

"மூட்டெல்லாம் வெல்டிங்தான்ணா. போல்ட்டுக்கு வேலையே இல்ல."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சிரிப்பு.

"விவரமானவங்கதான்! உன்ன மாதிரி யாராவது பர்ச்சேஸ்ல இருப்பான்னு தெரிஞ்சு செஞ்சிருக்காங்க!"