மாணவர் மன்ற நேர்காணலுக்கு முன்

அக்கா மகள் சிங்கப்பூரில் உயர்நிலை 2 படிக்கிறாள். நாளை மாணவர் மன்றத்துக்கான நேர்காணல். "ஏன் சேர விரும்புகிறாய்?" என்று கேட்டதும், "தலைமைத்துவப் பண்பை வளர்த்துக்கொள்ள, பள்ளிக்குச் சேவை செய்ய" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தாள். அந்தப் பதிலில் அவள் எங்கேயுமே இல்லை.

"பள்ளியில யாருக்காவது நீயா ஏதாச்சும் செஞ்சிருக்கியா? அதைச் சொல்லும்மா" என்றேன். நெடுநேரம் யோசித்தாள். ஆண்டு நடுவில் சேர்ந்த ஒரு பெண் கேன்டீனில் தனியாகச் சாப்பிட்டாளாம். இவள் தன் தோழிகளை அந்த மேசைக்கே அழைத்துப் போய்விட்டாள். "இதையெல்லாமா சொல்வாங்க, மாமா?" இதைத்தான் சொல்ல வேண்டும்!

அடுத்தது கொஞ்சம் கடினம். "நீ வாசலில் கடமையில் நிற்கிறாய், உன் உயிர்த்தோழி தாமதமாக வருகிறாள். பெயரை எழுதுவாயா?"

"எழுதுவேன். ஆனா ஏன் லேட்டுன்னு அப்புறம் தனியா கேட்பேன்."

யாரும் சொல்லிக்கொடுக்காத பதில். அவ்வளவு பெருமையாக இருந்தது.

அங்கே மாணவர்களின் இணைப்பாட நடவடிக்கைகளை மதிப்பிடும் லீப்ஸ் 2.0 முறையில் தலைமைத்துவமும் ஒரு பிரிவு. இணைப்பாட நடவடிக்கைகளில் மிக உயர்ந்த நிலையை எட்டினால் தொடக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு 2 போனஸ் புள்ளிகள் கிடைக்கும். பெற்றோரின் பதற்றம் புரிகிறது. அதற்காக நாம் எழுதிய வசனத்தைப் பிள்ளை வாயில் திணிக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் நேர்காணல் நடத்துபவர்களிடம் கேட்க அவளும் ஒரு கேள்வி வைத்திருக்கிறாள்: புதிதாகச் சேரும் மாணவர்களை முதல் வாரத்தில் யார் கவனித்துக்கொள்கிறார்கள்?