சம்பந்தி வீட்டார் வந்தால் எதைக் காட்டுவது?

கேள்வி பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி புகையான், குருத்துப்பூச்சி, துத்தநாகக் குறைபாடு என்றுதான் இருக்கும். போன மாதம் சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதிய கடிதத்தில் பயிரைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. இப்படி எழுதியிருந்தார்:

"என் மகன் பி.எஸ்சி. முடித்துவிட்டு நெல்லும் கொடிக்காலும் பார்க்கிறான். வயது 31. கோயம்புத்தூரில் ஒரு இடம் பேசியிருக்கிறோம். பெண் வீட்டார் ஏழெட்டுப் பேர் வந்து, இரண்டு நாள் தங்கி, வீடு வாசல் பார்த்துப் போவதாகச் சொல்கிறார்கள். நம் ஊரில் காட்டுவதற்கு என்ன சார் இருக்கிறது? மதுரையில் ரூம் போட்டு மீனாட்சி கோயில், மஹால், ஒரு பெரிய ஜவுளிக்கடை என்று காட்டி அப்படியே ரயிலேற்றிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். தோட்டத்துச் சேற்றைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எனக்கும் பயமாக இருக்கிறது."

வாடிப்பட்டி வட்டாரத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன் என்பதால் ஆசிரியர் இதை என் தலையில் கட்டிவிட்டார். மூன்று வரியில் பதில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. விவசாயம் பார்க்கிற பையனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்று நான் போகிற ஊரெல்லாம் யாராவது ஒரு தாய் சொல்லாமல் இருப்பதில்லை.

அம்மா, முதலில் சேற்றுப் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் வந்து வாழப்போவது மீனாட்சி கோயில் தெருவில் இல்லை, உங்கள் வீட்டில். சேற்றைப் பார்த்து வேண்டாம் என்று சொல்கிறவர்கள் தாலி கட்டுவதற்கு முன்னால் சொல்லிவிட்டால் இரண்டு வீட்டுக்கும் நல்லது.

மீனாட்சி கோயிலுக்குப் போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கார்த்திகை, மார்கழியாக இருந்தால் ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தில் அரை நாள் வரிசையிலேயே போய்விடும். 2018-லிருந்து கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, அதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கோயிலுக்கு ஒரு காலைப்பொழுது போதும். மஹாலை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். மீதி ஒன்றரை நாளும் உங்கள் ஊருக்கே வேண்டும்.

என் மனைவியின் தம்பி குடும்பம் ஒரு தைப் பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்தது. இரண்டாம் நாள் நான் அவர்களைப் பேரணைக்குக் கூட்டிப் போனேன். சோழவந்தானிலிருந்து வைகையை ஒட்டி மேற்கே போனால் அணைப்பட்டி ஆஞ்சநேயர் கோயில், அதையும் தாண்டினால் பேரணை. திண்டுக்கல் மாவட்டம், நிலக்கோட்டை வட்டம். பூங்கா கிடையாது, டிக்கெட் கிடையாது, டீக்கடைகூடப் பெயருக்குத்தான். ஆற்றின் குறுக்கே ஷட்டர்கள் வைத்த ஒரு அணை, அதன் பக்கத்திலிருந்து கிளம்புகிற ஒரு பெரிய கால்வாய், அவ்வளவுதான். மச்சினனுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. அவன் மகன், ஏழாம் வகுப்புப் படிக்கிறவன், "மாமா, இவ்வளவு தண்ணி எங்கேருந்து வருது?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு மதுரைச் சீமையில் பிறந்த ஒவ்வொருவருக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். மேற்கே கேரளத்துக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் அது. பென்னிகுவிக் தலைமையில் 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணை அதை மறித்தது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கில் ஓடி, வைகையில் கலந்து, 1959-ல் திறந்த வைகை அணையில் நின்று, பிறகு ஆற்றிலேயே இங்கே வந்து சேர்கிறது. பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாய் பிரிகிறது. வாடிப்பட்டிப் பக்கமாகப் போய் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பக்கம் 85,563 ஏக்கர் ஒருபோகம். பையன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நேத்து சாப்பிட்ட பொங்கச்சோறு கேரளா மழையா?" என்றான். பாதி சரி என்று சொன்னேன். மீதி பாதி நம் வடகிழக்குப் பருவமழை.

உங்கள் சம்பந்தி வீட்டாரை இங்கே கட்டாயம் கூட்டிப் போங்கள். கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் தண்ணீரின் விலை தெரியும். ஆயிரம் அடிக்கு போர் போட்டும் காற்று வந்த தோட்டங்களைப் பார்த்தவர்கள். மாப்பிள்ளை வீட்டு நிலத்துக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்தால், வீட்டு மாடியில் பதித்த டைல்ஸைவிட அது அவர்களிடம் பேசும். கூடவே உண்மையையும் சொல்லிவிடச் சொல்லுங்கள். 2016-ல் மழை பொய்த்து, அடுத்த ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டம் என்று அரசு அறிவித்தது. அந்த வருடம் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்பதை உங்கள் மகன் வாயால் சொல்லட்டும். கால்வாய் எல்லா வருடமும் ஒரே தேதியில் ஓடுவதில்லை, அணையில் இருப்பைப் பார்த்துத்தான் திறப்பார்கள். ஆகவே அவர்கள் வரும் தேதியை முடிவு செய்யும் முன் தண்ணீர் ஓடுகிறதா என்று நீர்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் கூட்டி வந்தால் வெறும் மணலைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பெரியாறு கால்வாய் பார்க்க அமைதியாக இருக்கும், உள்ளே இழுப்பு அதிகம். கரையும் சரிவு. வெளியூர்ப் பிள்ளைகளைக் குளிக்க இறக்காதீர்கள். தோட்டத்துக் கிணற்றுக்கும் கைப்பிடிச் சுவர் இல்லையென்றால், அவர்கள் வருவதற்குள் நான்கு கம்பு நட்டுக் கயிறாவது கட்டிவையுங்கள்.

சோழவந்தான் ஊருக்குள் ஜெனகை மாரியம்மன் கோயில் இருக்கிறது. வைகாசித் திருவிழாவில் ஊரே கொள்ளாது, மற்ற நாளில் நின்று கும்பிடலாம். ஆற்றைக் கடந்தால் தென்கரை, மூலநாதர் கோயில். வருகிறவர்களில் வயதான அத்தை, மாமா யாராவது இருந்தால், டி.ஆர். மகாலிங்கம் பிறந்த ஊர் இதுதான் என்று சொல்லிப் பாருங்கள். 'ஸ்ரீவள்ளி' பார்த்த தலைமுறை என்றால் முகம் மலர்ந்துவிடும். பெண் வீட்டில் தமிழ் வாத்தியார் இருந்தால், தொல்காப்பியப் பாயிரத்துக்கு விருத்தி எழுதிய அரசஞ்சண்முகனாரும் சோழவந்தான்காரர்தான் என்று சொல்லலாம்.

திருவேடகம் பக்கத்திலேயே இருக்கிறது. சம்பந்தர் வைகையில் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து வந்து ஒதுங்கிய இடம் என்று கதை, ஊர்ப் பெயரே அதுதான். எதிர்ப்பக்கம் குருவித்துறையில் சித்திரரத வல்லபப் பெருமாள் கோயில். அங்கே குரு பகவானுக்குத்தான் கூட்டம். கல்யாணம் கூடிவர வேண்டும் என்று வருகிறவர்கள் அதிகம், அதனால் உங்களுக்கு இடம் பொருத்தமாகவே இருக்கும். பகலில் நடை சாத்திவிடுவார்கள், எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். நடக்கிற வயதுப் பிள்ளைகள் இருந்தால் அணைப்பட்டிப் பக்கம் மேட்டுப்பட்டி சித்தர்மலை. சமண முனிவர்கள் படுத்த கல்படுக்கைகளும், அவற்றில் 2,000 வருடப் பழமையான தமிழி எழுத்துகளும் இருக்கின்றன. வெயிலுக்கு முன் ஏறி இறங்க வேண்டும். பாறையில் பெயர் செதுக்குகிற தம்பிகளைக் கண்டால் இரண்டு வார்த்தை சத்தம் போடுங்கள், தப்பில்லை.

இவை எல்லாவற்றையும்விட நான் முதலில் காட்டச் சொல்வது உங்கள் கொடிக்காலைத்தான். வெற்றிலை தோட்டக்கலைத் துறையின் பயிர், எனக்கு நேரடி வேலை கிடையாது. ஆனாலும் வேலை நேரத்தில் நிழல் வேண்டும் என்று தோன்றினால் நான் போய் நின்றது கொடிக்காலில்தான். வெளியே உச்சி வெயில் கொளுத்தும்போது உள்ளே காலடி மண் சில்லென்று இருக்கும். வரிசை வரிசையாக அகத்தி, ஒவ்வொரு அகத்தியையும் பற்றிக்கொண்டு வெற்றிலைக் கொடி, இடையில் தண்ணீர் நிற்கிற வாய்க்கால். தலைக்கு மேலே பச்சை வடிகட்டின வெளிச்சம். இதைப் பார்க்காத ஒருவர் வெற்றிலையைக் கடையில் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மதுரை மல்லிகைக்குக் கிடைத்த அதே மரியாதை. இதை உங்கள் மகன் சொல்லியிருப்பாரோ என்னவோ, நம் பிள்ளைகள் வேலையைப் பற்றிப் பெருமையாகப் பேசக் கூச்சப்படுவார்கள்.

வந்தவர்களுக்கு அகத்தி விதைப்பதிலிருந்து சொல்லச் சொல்லுங்கள். முதலில் அகத்தி, அது வளர்ந்த பிறகு அதன் அடியில் கொடி. கொடி ஏற ஏற வாழை நாரால் கட்டுவது, ரொம்ப உயரம் போனால் இறக்கிச் சுருட்டி மண் அணைப்பது, காம்போடு கிள்ளுவது, தரம் பிரித்து அடுக்குவது. இத்தனை கைவேலை வேறு எந்தப் பயிருக்கு? கையிருந்தால் அவர்களையே ஒரு கொடியைக் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பெண்ணும் வந்திருந்தால், அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். கேள்வி கேட்கிற பெண் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

வரப்பிலேயே செருப்பைக் கழற்றச் சொல்வது நம் வழக்கம். சிலர் முகம் சுளிப்பார்கள். சாமி குடியிருக்கிற இடம் என்று மட்டும் சொல்லாமல் காரணத்தையும் சொல்லுங்கள். அடியழுகல், வாடல் உண்டாக்குகிற பூசணம் மண்ணில் இருப்பது. செருப்பில் ஒட்டிய ஒரு கட்டி ஈரமண் போதும், அடுத்த கொடிக்காலின் நோய் உங்கள் கொடிக்காலுக்கு வந்துவிடும். டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே செருப்பைவிடச் சொல்வது மாதிரிதான். அவர்கள் வருவதற்கு முந்தைய நாட்களில் பூச்சிமருந்து தெளிக்க வேண்டாம். தெளித்துத்தான் ஆக வேண்டும் என்றால், லேபிளில் போட்டிருக்கிற காத்திருப்பு நாள் முடியும் வரை பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள். கிள்ளிய வெற்றிலையை அப்படியே வாயில் போடவும் விடாதீர்கள்.

இன்னொன்று, இது சுற்றிப்பார்க்கிற விஷயமில்லை என்று நினைப்பீர்கள். கொடிக்கால் கணக்கு நோட்டையும் எடுத்து வையுங்கள். கூலி எவ்வளவு, விலை சரிந்த மாதம் எது, முகூர்த்த மாதங்களில் என்ன கிடைத்தது, கூட்டுறவு வங்கியில் கடன் எவ்வளவு நிற்கிறது. மாதச் சம்பளக்காரப் பெற்றோர் பயப்படுவது சேற்றுக்கு இல்லை, "என்ன வரும் என்றே தெரியாது" என்கிற பதிலுக்கு. எழுதி வைத்த கணக்கு, அதில் இரண்டு வருடம் நஷ்டமே இருந்தாலும், இந்தப் பையன் கணக்குத் தெரிந்தவன் என்று காட்டிவிடும். உங்கள் மகன் நோட்டு எழுதுவதில்லை என்றால் இன்றைக்கே ஆரம்பிக்கட்டும், சம்பந்தம் முடிந்தாலும் முடியாவிட்டாலும்.

சாப்பாட்டுக்கு மதுரை ஹோட்டலைத் தேட வேண்டாம். உங்கள் வயல் அரிசி, மொச்சைக் குழம்பு, கண்மாய் மீன் கிடைத்தால் மீன், காலையில் அகத்திக்கீரை. சைவமா அசைவமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் மதுரையில் ஜிகர்தண்டாவும் பருத்திப்பாலும் வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகள் உங்கள் கட்சிக்கு வந்துவிடுவார்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது தாம்பூலத்தில் வைக்கிற வெற்றிலை உங்கள் கொடிக்கால் வெற்றிலையாக இருக்கட்டும். அன்று காலையில் கிள்ளியதாக வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துக் கோயம்புத்தூர் போவதற்குள் அழுக ஆரம்பித்துவிடும். லேசாகத் தண்ணீர் தெளித்து, வாழை இலையில் சுற்றி, மேலே ஈரத்துணி கட்டிக் கொடுங்கள். வீட்டுக்குப் போனதும் அவிழ்த்துப் பார்த்து, பழுத்த இலையை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி சுற்றிவைக்கச் சொல்லுங்கள்.